ஜுல்பிகர் கான் ஏன் தாக்கவில்லை?

1690 செப்டம்பரில் மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் செஞ்சி மலைகளுக்குக் கீழே வந்து பாளையம் இறங்கினார். கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். நடுவே ஏழு வருஷத்துக்கும் மேல். நீண்ட முற்றுகைக்குப் பிறகு செஞ்சி வீழ்ந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். திண்டிவனம் பக்கத்துப் பள்ளியொன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்தும் நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வரியைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் நடத்திக்காட்டப் போனால் அது முரண்டு பிடிக்கிறது. ஜுல்பிகரிடம் பீரங்கி இருக்கிறது, ஆள் இருக்கிறது, எதிரே மதில் இருக்கிறது. ஏழு வருஷம் சும்மாவா உட்கார்ந்திருந்தார்? "நீண்ட" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்த மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. எது நடந்தால் எது நடக்கும் என்று அதற்கு எழுதித் தரவேண்டும்.

விளையாட்டின் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1999-ல் வெளியிட்டது. விறகு வெட்டி, கல் உடைத்து, வயல் போட்டு, படை திரட்டி, பக்கத்து நாட்டை நொறுக்கும் விளையாட்டு. பிரவுசிங் சென்டர் காலத்துப் பையன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து விட்டார்கள். 2022-ல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் திராவிடர்கள் என்று தனி நாகரிகம், உருமி வீசும் வீரர்கள், திரிசடை என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல், ராஜேந்திர சோழனை நாயகனாக வைத்து ஒரு கேம்பெய்ன். கோவைக்குப் படிக்கப் போன மகன், "அம்மா, நம்ம ராஜேந்திரன் வந்திருக்கார், பாருங்க" என்று தன் டெஸ்க்டாப்பில் ஏற்றி வைத்துவிட்டுப் போனான். ராஜேந்திரனைப் பார்த்தேன். நல்ல மரியாதையோடுதான் செய்திருந்தார்கள். ஆனால் என் கண் அதே விளையாட்டில் இருக்கும் எடிட்டர் பக்கம் போய்விட்டது.

எடிட்டர் என்பது விளையாட்டுக்குக் களம் அமைக்கும் பட்டறை. வெற்றுப் புல்தரையாக ஒரு மேப் கிடைக்கும். மலை உயர்த்தலாம், ஆறு வெட்டலாம், மதில் கட்டலாம், எந்த நாட்டுக்கு எத்தனை வீரர் என்று நிறுத்தி வைக்கலாம். அந்த வேலை எல்லாருக்கும் வரும். கொஞ்சம் பொறுமை போதும். செஞ்சிக்கு மூன்று குன்றுகள், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் மதில். ராஜகிரி 800 அடி உயரம், உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவு, அதன் மேல் பாலம். ஏற முடியாத பாறைகளுக்கு எடிட்டரில் கிளிஃப் என்று ஒரு கருவி உண்டு, அதை எந்தப் படையும் தாண்டாது. 2025-ல் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். நேரில் போய்ப் பார்த்தவர்களுக்கு ஜுல்பிகரின் பாடு பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதிக்குத்தான் ட்ரிகர் வேண்டும்.

1997-ல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ட்ரிகர் கிடையாது. யார் எப்படி ஜெயிக்கலாம் என்று மட்டும் நிர்ணயிக்கலாம். நடுவில் கதை நடத்த வழியில்லை. இரண்டாம் விளையாட்டில்தான் அது வந்தது. ஒவ்வொரு ட்ரிகருக்கும் இரண்டு பாதி. ஒன்று கண்டிஷன், அதாவது எது நடக்கவேண்டும். மற்றது எஃபெக்ட், அது நடந்ததும் விளையாட்டு என்ன செய்யவேண்டும். பழைய ஜோன் ஆஃப் ஆர்க் கேம்பெய்னின் முதல் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோன் என்ற பெண்ணைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய் ஷினோன் கோட்டையில் சேர்க்கவேண்டும். குறிப்பிட்ட ஆள் குறிப்பிட்ட கட்டத்துக்குள் வந்தாயிற்றா என்பது கண்டிஷன். வெற்றி அறிவிப்பு எஃபெக்ட். நிரல் எழுதத் தெரியவேண்டாம், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு வீரன் செத்தால், ஒரு கட்டடம் கைமாறினால், கையில் இவ்வளவு தங்கம் சேர்ந்தால், இத்தனை விநாடி கழிந்தால் என்று கண்டிஷன்கள். படையை வரவழை, செய்தி காட்டு, கேமராவை நகர்த்து, நட்பைப் பகையாக்கு, இன்னொரு ட்ரிகரை எழுப்பு, ஒன்றைத் தூங்கவை என்று எஃபெக்ட்கள்.

எழுப்பு, தூங்கவை என்ற இந்த இரண்டில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு ட்ரிகரையும் ஆரம்பத்திலேயே விழித்திருக்கும்படியும் வைக்கலாம், இன்னொரு ட்ரிகர் தட்டி எழுப்பும்வரை உறங்கும்படியும் வைக்கலாம். டைமர் கண்டிஷன் எண்ணத் தொடங்குவது அந்த ட்ரிகர் விழித்த நொடியிலிருந்து. விளையாட்டு தொடங்கிய நொடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த விநாடியும் விளையாட்டின் விநாடி. சுவர்க் கடிகாரத்தைவிட வேகமாக ஓடும்.

புதிதாக வருகிறவர்கள் டைமரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். 600-வது விநாடியில் எதிரி வரட்டும், 1,200-வது விநாடியில் உதவிப்படை வரட்டும். வரும்தான். ஆனால் விளையாடுகிறவன் அதற்குள் என்ன செய்திருந்தாலும் வரும், எதிரியின் பாளையத்தையே அவன் தரைமட்டமாக்கியிருந்தாலும் வரும். கல்யாண மண்டபத்தில் சமையல்காரரிடம் பதினொன்றேகாலுக்குப் பந்தி போடுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. தாலி ஏறியதும் போடுங்கள் என்றுதான் சொல்வார்கள். ட்ரிகரையும் அப்படி எழுதினால் கதை நிற்கும்.

வகுப்பில் ஒருவன் கேட்டான்: "மிஸ், செஞ்சின்னா தேசிங்கு ராஜா கதைதானே? அதைப் போடாம யாரோ மராட்டிய ராஜா கதையைப் போட்டிருக்கீங்க?" நியாயமான கேள்வி. தேசிங்கின் கதை தெருக்கூத்தாகவும் கதைப்பாடலாகவும் இந்த மாவட்டத்தின் ரத்தத்தில் ஊறியது. ஆனால் எடிட்டர் கண்ணால் பார்த்தால் அதில் முடிச்சு குறைவு. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து ஒரு சிறு படையோடு இறங்கினார், களத்தில் மாண்டார். இரண்டு ட்ரிகரில் முடிந்துவிடும். ராஜாராமின் முற்றுகையில் ஒவ்வொரு வருஷமும் ஒரு "ஏன்" இருக்கிறது.

முதல் ஏன், ஜுல்பிகருடையது. அவர் படையைத் தாக்கவிடாமல் எப்படி நிறுத்துவது? ராஜாராமோடு நட்பு என்று போட்டுவிடலாம். ஆனால் இந்த விளையாட்டில் இருபக்கமும் நட்பு நாடென்றால் மதில் கதவு அவர்கள் படைக்கும் திறக்கும், முற்றுகையே கேலிக்கூத்தாகிவிடும். வீரர்களுக்கு ஃப்ரீஸ் என்ற எஃபெக்டைக் கொடுக்கலாம், யாரையும் தாமாகத் தாக்காமல் நிற்பார்கள். நிற்பார்கள் சரி, மராட்டியன் வந்து வெட்டினாலும் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அது படையாக இராது, பொம்மைக் கொலுவாக இருக்கும்.

ஆகவே வரலாற்றிடமே திரும்பிப் போகவேண்டியதாயிற்று. அதே மொகலாயப் பாளையத்தில் இருந்த பீம்சேன் என்பவர், தளபதி வேண்டுமென்றே முற்றுகையை இழுத்தடித்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். ராஜாராமோடு ரகசியப் பேச்சு, பாதுஷா ஔரங்கசீப் இன்று போவாரா நாளை போவாரா என்ற கணக்கு என்று பிற்கால ஆய்வாளர்களும் பலவிதமாக அலசியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், தானியம் வரும் வழிகளை மராட்டியக் குதிரைப்படை அறுத்துக்கொண்டே இருந்தது. செஞ்சியின் பாறையும் லேசுப்பட்டதல்ல. இவற்றில் எது முக்கியக் காரணம்? தேர்வுத்தாளில் "பல காரணங்கள்" என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கலாம். எடிட்டரில் அது செல்லாது. ஒவ்வொரு காரணமும் வேறு கண்டிஷன், ஒவ்வொன்றுக்கும் விளையாட்டு வேறு மாதிரி நடக்கும்.

நான் ரகசியப் பேச்சைத் தேர்ந்தெடுத்தேன். ஏற்பாடு இதுதான். ஜுல்பிகரின் பாளையத்தில் தாக்குதல் ட்ரிகர் ஒன்று விழித்தே இருக்கும். இத்தனை விநாடிக்கு ஒருமுறை பாளையத்தில் நிற்கும் படையை மதிலுக்கு அனுப்பும். இதை லூப் என்பார்கள். ஒருமுறை நடந்ததோடு ஓயாமல் திரும்பத் திரும்ப நடக்கும். விளையாடுகிறவர் ராஜாராம். அவருக்கு ஒரு சந்தை கட்டிக் கொடுத்தேன், ஏனென்றால் இந்த விளையாட்டில் சந்தை இருந்தால்தான் அடுத்த நாட்டுக்குத் தங்கம் அனுப்ப முடியும். அனுப்பினால் தொடக்கத்தில் 30 சதவீதம் கமிஷன் போகும், லஞ்சத்துக்குக்கூட. ஜுல்பிகர் கையில் குறிப்பிட்ட அளவு தங்கம் சேர்ந்ததா என்று இரண்டாவது ட்ரிகர் பார்த்துக்கொண்டிருக்கும். சேர்ந்ததும் மூன்று வேலை. தாக்குதல் ட்ரிகரைத் தூங்கவைக்கும். அந்தத் தங்கத்தை ஜுல்பிகரிடமிருந்து எடுத்து, யாருக்கும் சொந்தமில்லாத கையா என்ற கணக்கில் போட்டுவிடும். இல்லாவிட்டால் ஒருமுறை கொடுத்த பணம் எப்போதைக்கும் கொடுத்ததாகவே நிற்கும். கடைசியாகத் தவணை என்று நான் பெயர் வைத்த மூன்றாவது ட்ரிகரை எழுப்பும். தவணையில் ஒரு டைமர். அது முடிந்ததும் தாக்குதல் ட்ரிகரும் தங்கத்தைப் பார்க்கும் ட்ரிகரும் மறுபடி விழிக்கும்.

மூன்றே ட்ரிகர். "மிஸ், இந்த ஆள் காசு கொடுத்தா சும்மா இருக்கான்!" என்று முதலில் விளையாடிய மாணவன் கத்தினான். நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. அவனே கண்டுபிடித்தான். பீம்சேனின் சந்தேகம் அவனுக்கு அனுபவமாகவே கிடைத்துவிட்டது.

இரண்டாவது ஏன், உதவிப்படை. 1692 டிசம்பரில் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வடக்கிலிருந்து பெரும்படையோடு வந்தார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த மொகலாய அதிகாரி அலி மர்தான் கானைச் சாந்தாஜி பிடித்துக்கொண்டார். முற்றுகையிட வந்தவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். பாளையத்தில் ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ் இருந்தார். பாதுஷா இறந்துவிட்டதாக ஒரு வதந்தி கிளம்ப, இளவரசர் எதிரியோடு பேச்சு நடத்துகிறார் என்று சொல்லி ஜுல்பிகரும் அவருடைய தந்தை அசத் கானும் அவரையே காவலில் வைத்தார்கள். 1693 ஜனவரியில் ஜுல்பிகர் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். இந்த நாலு வரியில் ஒரு சினிமாவே இருக்கிறது. ஏன் இன்னும் யாரும் எடுக்கவில்லை என்பது தெரியவில்லை.

உதவிப்படையை டைமரில் வைத்தால், விளையாடுகிறவன் கைகட்டிக் காத்திருந்து வாங்கிக்கொள்வான். ஆகவே ஒரு குதிரைவீரன் பாளையத்தைத் தாண்டி மேப்பின் வடக்கு விளிம்பை அடைந்தால் படை வரும் என்று வைத்தேன். சரி, எல்லாக் குதிரையும் செத்துவிட்டால்? மதிலில் பாதி இடிந்தாலும் வரும் என்று இன்னொரு வழியும் வைக்கவேண்டும். ஒரே ட்ரிகரில் இரண்டு கண்டிஷன் போட்டால் இரண்டும் நடந்தால்தான் அது இயங்கும். பழைய எடிட்டரில் "இதுவோ அதுவோ" என்று சொல்ல வழியே கிடையாது. அதற்கு அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் கண்ட உபாயம், ஒரே எஃபெக்டோடு இரண்டு ட்ரிகர், எது முந்துகிறதோ அது மற்றதைத் தூங்கவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாந்தாஜி இரண்டு தடவை வருவார். டெஃபினிட்டிவ் எடிஷனில் "அல்லது" என்றே ஒரு கண்டிஷன் வந்துவிட்டது. ஆனாலும் எனக்குப் பழைய முறைதான் பிடிக்கிறது. எது எதை நிறுத்துகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

வதந்திக்கும் இப்போது வழி உண்டு. சான்ஸ் என்ற கண்டிஷனில் நூற்றுக்கு இத்தனை என்று கொடுத்தால் சில ஆட்டங்களில் நடக்கும், சிலவற்றில் நடக்காது. பாதுஷா இறந்ததாகச் செய்தி வரும் ஆட்டத்தில் பாளையத்தில் ஒரு பகுதி கலைந்துபோகும். வராத ஆட்டத்தில் ராஜாராம் பாடு திண்டாட்டம்.

பழையவர்களின் உபாயங்கள் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். தனியொரு நாயகனுக்கு மட்டும் உயிர்ச்சக்தியைக் கூட்டிக் கொடுக்க 1999-ல் எஃபெக்ட் இல்லை. அடிபடச்செய் என்ற எஃபெக்ட் இருந்தது. அதில் மைனஸ் 100 என்று போட்டார்கள். மைனஸ் அடி விழுந்த வீரனுக்கு உயிர் கூடிவிட்டது! உருவாக்கியவர்கள் நினைத்தே பார்த்திராத உபயோகம். இப்படிக் குடைந்துகொண்டிருந்த ரசிகர்களில் ஒரு கூட்டம் சேர்ந்து ஃபார்காட்டன் எம்பயர்ஸ் என்று தாங்களாகவே ஒரு விரிவாக்கம் செய்தது. 2013-ல் அதுவே அதிகாரபூர்வத் தொகுப்பாக வெளிவந்தது, அந்தக் குழுவே பின்னால் டெஃபினிட்டிவ் எடிஷனிலும் வேலை செய்தது.

செஞ்சிக்கே வருகிறேன். எழுதிய ட்ரிகர்களின் உண்மையான எதிரி மொகலாயப் படை இல்லை, பதினொன்றாம் வகுப்பு மாணவன். ஒருவன் ராஜாராமைக் கோட்டைக் கட்டடத்துக்குள் ஏற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். கட்டடத்துக்குள் இருப்பவரை யாரும் வெட்ட முடியாது, ஆட்டம் முடியவே முடியாது. என்னடா இது என்றால், "ஏழு வருஷம் இப்படித்தானே மிஸ் இருந்தாங்க?" என்கிறான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டிருக்க வேண்டுமே. பசி என்று ஒரு லூப் சேர்த்தேன். இத்தனை விநாடிக்கு ஒருமுறை ராஜாராமின் தானியக் கையிருப்பில் ஒரு பங்கு கையா கணக்குக்குப் போய்விடும். கையிருப்பு காலியானால் மதில் மேல் நிற்கும் வீரர்களுக்கு மெல்ல மெல்லச் சேதம். செஞ்சிக் கோட்டைக்குள் இன்றும் நிற்கும் அந்தப் பெரிய தானியக் களஞ்சியம் எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கடைசி ஏன், தப்பித்தல். கோட்டை விழுவதற்கு முன்பே ராஜாராம் வெளியேறி வேலூர் வழியாக மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்தார். என் மேப்பில் அவர் வடமேற்கு மூலையை அடைந்தால் விளையாடுகிறவருக்கு வெற்றி, கோட்டை விழுந்தாலும் சரி. இதை முதல் நிமிஷத்திலிருந்தே திறந்து வைப்பதா, கடைசிக் கட்டத்தில் திறப்பதா என்று வெகுநாள் குழம்பினேன். பல மேப்களில் கடைசியில்தான் திறப்பார்கள், அப்போதுதான் கதை கதையாக இருக்கும் என்று. நான் முதலிலிருந்தே திறந்து வைத்துவிட்டேன். 1690-லேயே ஓடிப்போக ராஜாராமுக்கு வழி இருந்திருக்கும். போகவில்லை, அது அவர் எடுத்த முடிவு. ஓடுகிற பையன் ஓடட்டும். ஆனால் அப்படி முதலிலேயே ஓடினால், செஞ்சி இன்றே விழுந்தது, மொகலாயப் படை முழுதும் உங்கள் பின்னால் வருகிறது என்று ஒரு செய்தி காட்டும், வரவும் வரும். ஏழு வருஷம் அந்தப் படையைத் தன் வாசலிலேயே கட்டிப்போட்டதுதான் செஞ்சி மராட்டியருக்குச் செய்த பேருதவி என்பதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு ட்ரிகர் சொன்ன அளவுக்கு என் பேச்சு சொன்னதில்லை.

இப்போது டெஃபினிட்டிவ் எடிஷனில் ட்ரிகருக்குள்ளேயே எக்ஸ்எஸ் என்ற மொழியில் நிரலும் எழுதலாம், மாறிகள் வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். கணினி அறிவியல் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கம் போகட்டும். எனக்குப் பட்டியலே போதும். ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். ட்ரிகருக்குப் பெயர் வையுங்கள். எடிட்டர் தானாகக் கொடுக்கும் எண்ணோடு விட்டுவிட்டால், நாற்பதாவது ட்ரிகருக்குள் எது பசி, எது லஞ்சம் என்று உங்களுக்கே தெரியாது.

எடிட்டருக்குத் தனியாகப் பணம் கிடையாது, விளையாட்டோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தால், நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் ஊர்க் கோட்டையையோ ஏரியையோ அவனோடு சேர்ந்து வரையுங்கள். முதல் ட்ரிகருக்கு ஒரு ஆள், ஒரு இடம், ஒரு செய்தி போதும்.